மாணவர் ஏறிய பேருந்து



இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வில்ம்ஸ்லோ சாலை என்று ஒரு சாலை. தெற்கே டிட்ஸ்பரியிலிருந்து விதிங்டன், ஃபாலோஃபீல்டு, ரஷோம் வழியாக வந்து, ஆக்ஸ்ஃபோர்டு சாலை என்று பெயரை மாற்றிக்கொண்டு நகர மையத்துக்குள் நுழைகிறது. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், ஓர் இசைக் கல்லூரி, நகரின் முக்கிய மருத்துவமனை எல்லாம் இந்த ஒரே சாலையின் ஓரத்தில். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சேர்த்து 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே பேருந்துகள் அதிகம் ஓடும் தடம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். அந்தப் பட்டத்துக்கு வேறு ஊர்களும் வழக்காடலாம். ஆனால் அக்டோபர் மாதத்துக் காலை எட்டரை மணிக்கு ஃபாலோஃபீல்டு நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்கள் வழக்காட மாட்டார்கள். 142, 143, 42, 43 என்று மாடிப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வருகின்றன. மேல்தளத்தின் முன்வரிசை இருக்கைக்கு அங்கேயும் போட்டிதான்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பேருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது வழக்கமாக 'கட்டணம் எவ்வளவு, அட்டை எங்கே வாங்குவது' என்பதோடு முடிந்துவிடும். அதுவும் வேண்டியதுதான், இந்த உரையிலும் கொஞ்சம் வரும். ஆனால் மாணவரைச் சலுகை வாங்கிக்கொண்டு ஏறுகிறவராக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதில் ஒன்று விட்டுப்போகிறது. கட்டணத்தையும் தடத்தையும், ஏன், வண்டியில் யார் வேலை பார்க்கலாம் என்பதையும்கூட மாணவர்கள் அசைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று ஊர்களை வைத்து அதைப் பார்க்கலாம்.

அதற்கு முன், புதிதாகப் போய் இறங்குகிறவரின் முதல் வாரம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு உடனே தட்டுப்படுவது கண்டக்டர் இல்லாத வெறுமை. விசில் இல்லை. 'உள்ளே போ, உள்ளே போ' என்ற அதட்டல் இல்லை. சில்லறைத் தகராறு இல்லை. நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காமல் போய்விடக்கூடும். கையை நீட்ட வேண்டும். மான்செஸ்டரில் ஏறவும் இறங்கவும் முன்வாசல் ஒன்றுதான். உள்ளே இருப்பவர்கள் இறங்கி முடிக்கும்வரை ஏறுகிறவர்கள் நடைபாதையில், மழையாக இருந்தாலும், வரிசையில் காத்திருப்பார்கள். ஏறியதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள கருவியில் அட்டையை வைத்தால் ஒரு 'பீப்'. இறங்குமிடம் நெருங்கும்போது கம்பத்தில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். வேறு யாரோ ஏற்கெனவே அழுத்தி, முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மறுபடி அழுத்தினால் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும். இறங்கும்போது ஓட்டுநரிடம் 'சியர்ஸ்' என்றோ 'தேங்க் யூ' என்றோ சொல்லிவிட்டு இறங்குவது அங்கே எழுதாத சட்டம். இரவெல்லாம் கண்விழித்துக் கட்டுரை எழுதிய மாணவர்கூட அதை முணுமுணுக்காமல் இறங்குவதில்லை. நம் ஊரில் டிரைவரிடம் நன்றி சொன்னால், எதையோ மறந்து வைத்துவிட்டு இறங்குகிறோம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

லண்டனுக்குப் போகிறவருக்கு விதிகள் கொஞ்சம் வேறு. 2014 ஜூலை 6 முதல் லண்டன் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. பையில் நோட்டுக் கட்டே இருந்தாலும் அட்டை இல்லாவிட்டால் நடக்க வேண்டியதுதான். பின்புறம் திறந்த படிக்கட்டும் கண்டக்டருமாக ஓடிய பழைய ரூட்மாஸ்டர் வண்டிகள், 2005 டிசம்பர் 9-ஆம் தேதி 159-ஆம் எண் தடத்தோடு வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றுவிட்டன.

வீடு பார்க்கும்போதே பேருந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது போன பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. கல்லூரியிலிருந்து தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும், சரி. ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் வந்தவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரமும் பெரும்பாலும் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. உணவக சமையலறை, கிடங்கு, விமான நிலையம். மான்செஸ்டரில் நகர மையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே ஓடும் 43-ஆம் எண் பேருந்து இரவு முழுவதும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு அந்த வண்டியில் துப்புரவுப் பணியாளர், விமானம் பிடிக்கப் போகும் பயணி, ஷிப்ட் முடிந்த மாணவர் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரைப் பற்றிப் பல்கலைக்கழகம் தரும் அறிமுகக் கையேட்டில் இந்தப் பக்கம் இருக்காது.

இனி வில்ம்ஸ்லோ சாலையின் கதைக்கு வருவோம். மான்செஸ்டருக்குப் பேருந்து புதிதல்ல. 1824-இலேயே ஜான் கிரீன்வுட் என்ற சுங்கச்சாவடிக்காரர் பெண்டில்டனிலிருந்து நகருக்குக் குதிரை வண்டிச் சேவை தொடங்கினார். பிரிட்டனின் முதல் பேருந்துச் சேவை என்று அதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். அங்கிருந்து ஒரே தாவலில் 1986 அக்டோபர் 26-க்குத் தாவிவிடலாம். பிரதமர் தாட்சரின் அரசு கொண்டுவந்த 1985-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. லண்டனையும் வட அயர்லாந்தையும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடங்களிலும் பேருந்துத் தொழிலைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். உரிமம் உள்ள எந்த நிறுவனமும் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தத் தடத்திலும் வண்டி ஓட்ட முடிந்தது. கட்டுப்படியாகவில்லை என்றால் அதேபோல அறிவிப்புக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடவும் முடிந்தது. கட்டணம் அவரவர் வைத்ததுதான்.

கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே வியாபாரி வருவார்? வில்ம்ஸ்லோ சாலையில் கூட்டம் என்றால் மாணவர்கள். வருடத்தில் பாதிக்கும் மேல், காலையிலும் மாலையிலும் நள்ளிரவிலும் நிறைந்து வழியும் கூட்டம். நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. எந்த நிறுவனத்தின் வண்டி என்பது மாணவருக்கு ஒரு பொருட்டே இல்லை. டிக்கெட் எவ்வளவு என்பது மட்டுமே பேச்சு. விலை கூடுதலான வண்டியைக் கண்ணெதிரே போகவிட்டு, பின்னால் வரும் மலிவான வண்டிக்கு நிற்பதில் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. இந்தக் குணத்துக்கென்றே ஸ்டேஜ்கோச் நிறுவனம் 'மேஜிக் பஸ்' என்ற பெயரில் நீல நிற மாடிப் பேருந்துகளைத் தனியாக ஓட்டியது. வண்டி பழசு, டிக்கெட் மலிவு. மான்செஸ்டரில் படித்துவிட்டு வந்தவர் யாரிடமாவது மேஜிக் பஸ் என்று சொல்லிப் பார்த்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இவை தவிர, பிக்கடிலி ரயில் நிலையத்திலிருந்து கல்லூரி வளாகங்களுக்கு 147-ஆம் எண் வண்டி பல ஆண்டுகள் மாணவர்களுக்கு இலவசமாக ஓடியது.

மாணவர்கள் கொடி பிடிக்கவில்லை, மனு கொடுக்கவில்லை. காசை எண்ணிப் பார்த்து ஏறினார்கள், கட்டணம் இறங்கியது. யாருடைய தயவும் அதில் கிடையாது.

ஆனால் இதே ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அன்று ஒரு நிறுவனத்தின் பாஸ் இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் செல்லவில்லை. வருடம் முழுவதற்குமாக 'யூனிரைடர்' பாஸ் வாங்கியவர், வேறு நிறுவனத்தின் காலி வண்டி முன்னால் போவதைப் பார்த்தபடி மழையில் நிற்க வேண்டியிருந்தது. அது மாணவரின் சின்ன வருத்தம். நகரின் வடக்கே, கல்லூரி இல்லாத பகுதிகளில் வாழ்ந்தவர்களின் வருத்தம் பெரிது. அங்கே போட்டி போட ஆள் இல்லை, மலிவு வண்டியும் இல்லை. மாலை நேரச் சேவைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சந்தை மாணவர்களுக்குக் கொடுத்ததை வடக்கே ஹார்ப்பர்ஹேயில் குடியிருக்கும் ஒரு நர்சுக்குக் கொடுக்கவில்லை. 142-இல் சந்தோஷமாகப் போய்வந்தவர்களுக்கு அது கண்ணில் படவும் வாய்ப்பில்லை.

இந்தக் கணக்கைத் திருத்தத்தான் மான்செஸ்டர் பெருநகரப் பகுதியின் மேயர் ஆண்டி பர்னம் 2021 மார்ச்சில் பேருந்துகளைப் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முடிவெடுத்தார். அதற்கான அதிகாரத்தை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருந்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின; 2022 மார்ச்சில் வழக்கு தள்ளுபடி ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஒருமுறைப் பயணத்துக்கு 2 பவுண்டு என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 24-இல் போல்டன், விகன் பகுதிகளில் 'பீ நெட்வொர்க்' என்ற பெயரில் மஞ்சளும் கறுப்புமாகப் புதிய வண்டிகள் ஓடத் தொடங்கின. தேனீ அந்த ஊரின் பழைய சின்னம். 1842-இல் வழங்கப்பட்ட நகர இலச்சினையிலேயே இருக்கிறது. மூன்றாம் கட்டமாக 2025 ஜனவரி 5 அன்று மாணவர் சாலையும் மஞ்சளுக்குள் வந்தது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் இப்படிப் பேருந்துகளைத் திரும்பப் பெற்ற முதல் பெருநகரப் பகுதி மான்செஸ்டர்தான். தடத்தையும் கட்டணத்தையும் அரசு அமைப்பு முடிவு செய்யும். நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு வண்டி ஓட்டித் தரும். 2025 மார்ச் முதல் வங்கி அட்டையைத் தொட்டாலே போதும், பேருந்து, டிராம் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்து உச்சவரம்புக்கு மேல் பிடிக்காமல் விட்டுவிடும். இத்தனை காலம் போட்டியில் ஆதாயம் பார்த்த மாணவர், இனி ஊரார் எல்லோருடனும் ஒரே கட்டணத்தில். இது நியாயம் என்றே படுகிறது.

கல்லூரியும் பேருந்தும் என்றதும் இங்கே இருப்பவர்களுக்குச் சென்னை ஞாபகம் வந்திருக்கும். 'ரூட்டு தல'யும், வண்டிக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்ட 'பஸ் டே'யும் நீதிமன்றம் தடை போடும் அளவுக்குப் போன கதை தெரிந்ததே. பேருந்து நம்முடையது என்ற உரிமை உணர்ச்சி எங்கேயும் மாணவர்களுக்கு உண்டு. அதை எதில் காட்டுகிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நம் இரண்டாவது ஊரான இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1963-இல் காட்டியது வேறு விதம்.

பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனியில் அப்போது ஆள் பற்றாக்குறை. ஆனாலும் கறுப்பினத்தவரையோ ஆசியரையோ ஓட்டுநராகவோ கண்டக்டராகவோ எடுப்பதில்லை. பணிமனையில் வேலை தருவார்கள். பயணிகள் முகம் பார்க்கும் வேலை தரமாட்டார்கள். நிர்வாகம் மட்டும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சங்கக் கிளையே 1955-இல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. பால் ஸ்டீபன்சன் என்ற இளம் கறுப்பினச் சமூகப் பணியாளர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒரு வழி செய்தார். கை பெய்லி என்ற பதினெட்டு வயது ஜமைக்கா இளைஞருக்குத் தகுதி எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டீபன்சன் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசி நேர்காணலுக்கு நேரம் வாங்கினார். நேரம் உறுதியான பிறகு, வரப்போகிறவர் மேற்கிந்தியத் தீவுக்காரர் என்று சொன்னார். நேர்காணல் அத்தோடு ரத்து.

ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் மான்ட்கோமரியில் எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த புறக்கணிப்பு எல்லோர் மனதிலும் இருந்தது. மே 1 அன்று பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர்கள் நூறு பேர் அளவில் பேருந்து நிலையத்துக்கும் தொழிற்சங்க அலுவலகத்துக்கும் ஊர்வலம் போனார்கள். வழியில் பேருந்துத் தொழிலாளர்கள் அவர்களைப் பார்த்துக் கேலிக்கூச்சல் போட்டார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார, வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்; கண்டக்டர் வேலைக்கு விண்ணப்பம் போடும் அவசியம் அவர்களில் யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் பல்கலைக்கழகம் தெருவில் இறங்கியதால் செய்தித்தாள்கள் பக்கங்களை ஒதுக்கின. அரசியல்வாதி டோனி பென் ஆதரவாகப் பேசினார். டிரினிடாட் தூதராக அப்போது லண்டனில் இருந்தவர் லியரி கான்ஸ்டன்டைன். மேற்கிந்தியத் தீவுகளின் பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர். அவரும் சும்மா இருக்கவில்லை. நான்கு மாதம் இழுத்து, ஆகஸ்ட் 28 அன்று நிறத்தடையைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள். செப்டம்பர் 17-இல் பிரிஸ்டலின் முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் வேலையில் சேர்ந்தார். அவர் பெயர் ரக்பீர் சிங், சீக்கியர். இரண்டு ஆண்டு கழித்து பிரிட்டனில் முதல் இன உறவுச் சட்டம் வந்தபோது இந்தப் போராட்டத்தின் பேச்சும் பின்னணியில் இருந்தது.

மான்செஸ்டரும் இதில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தலைப்பாகையோடு கண்டக்டராக வேலை கேட்ட ஞானி சுந்தர் சிங் சாகருக்கு 1959-இல் மாநகராட்சி மறுத்துவிட்டது. தொப்பிக்குப் பதில் சீருடை நிறத்திலேயே தலைப்பாகை கட்டிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அனுமதி கிடைத்தது 1966-இல்தான். அதற்குள் அவருக்கு அந்த வேலையில் சேரும் வயது தாண்டிவிட்டது. இன்று 142-இல் ஏறும் இந்திய மாணவருக்கு ஓட்டுநர் இருக்கையில் தலைப்பாகையைப் பார்ப்பது செய்தியே இல்லை.

மூன்றாவது ஊர் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட். அங்கே மாணவர்கள் ஊர்வலம் போகவில்லை, பேரம் பேசினார்கள். 1991-இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அமைப்பு போக்குவரத்து நிர்வாகத்திடம் வைத்த கணக்கு எளிது. ஒருவர் தனியாகப் பாஸ் வாங்கினால் விலை அதிகம். எல்லா மாணவரும், பேருந்தில் ஏறுகிறவரும் ஏறாதவரும், கட்டாயமாகப் பணம் கட்டினால் தலைக்கு எவ்வளவு குறைப்பீர்கள்? இப்படிப் பிறந்ததுதான் 'செமஸ்டர் டிக்கெட்'. பிறகு நாடு முழுவதும் பரவியது. பருவக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். 'எனக்கு வேண்டாம்' என்று பொதுவாக விலக முடியாது. சைக்கிளில் போகிறவர் ஏன் கட்ட வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். கட்டாயப்படுத்துவதில் தவறில்லை என்று கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் முடித்துவைத்தது.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2023 மே 1 முதல் மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம் என்று அரசு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' கொண்டுவந்தது. எல்லோருக்கும் விலை இறங்கியதும் மாணவர் பேரத்தின் மவுசு குறைந்தது. வெளியே வாங்குவதைவிட நன்றாகவே மலிவு என்பதுதான் கட்டாய வசூலுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட நியாயம். அது ஆட்டம் கண்டதும் பல மாணவர் அமைப்புகள் வழக்கு வருமோ என்று பயந்தன. கடைசியில் 2024 கோடைப் பருவத்திலிருந்து, பொது விலையில் 60 சதவீதத்துக்கு மாணவர்களுக்குத் தனி டிக்கெட் வந்தது; மாதம் 29.40 யூரோ, ஆறு மாதப் பருவத்துக்கு 176.40 யூரோ. பொது விலை 58 யூரோவானதும் மாணவர் விலையும் அந்தக் கணக்கிலேயே ஏறியது. அதிவேக ரயிலில் ஏற முடியாது. ஆனால் பொறுமையும் கட்டுச்சோறும் இருந்தால் வட்டார ரயில்களில் மாறி மாறி நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடலாம்.

அந்த டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பதும் முக்கியம். ஜெர்மனியில் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் தடுக்காததால் இலவசம் என்று புதியவர் நினைத்துக்கொள்வதுண்டு. டிராமின் கதவு மூடியதும், அதுவரை மற்றவர்களைப் போல நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுப்பார்கள். எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் கைப்பேசிக்குப் போகும். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். 2015 வரை 40 ஆக இருந்தது. மாணவர் டிக்கெட் இருந்து, கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தால், பெயர் விவரம் கொடுத்துவிட்டு வந்து, பிறகு அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டினால் ஒரு சிறு தொகையோடு விட்டுவிடுவார்கள். இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டைப் பல ஊர்களில் முத்திரை குத்தும் பெட்டியில் செருகியெடுக்க வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. இதில் மாட்டிக்கொண்டு 'காசு கொடுத்துத்தானே வாங்கினேன்' என்று வாதாடாத இந்திய மாணவர் குறைவு. அந்த வாதம் எடுபட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

செமஸ்டர் டிக்கெட்டில் ஒரு நல்ல அம்சம், அதைத் தொடர்வதா வேண்டாமா என்பதைப் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களே வாக்களித்து முடிவு செய்வது. வெளிநாட்டு மாணவரும் அந்த மாணவர் அமைப்பின் முழு உறுப்பினர்தான். நகராட்சித் தேர்தலில் இல்லாத வாக்கு அங்கே அவருக்கு உண்டு.

பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், முறையான விசாவோடு அங்கே வசித்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிக்கும் மான்செஸ்டர் மேயரைத் தேர்ந்தெடுக்க 2024 மே 2-இல் நடந்த வாக்குப்பதிவிலும் இவர்களுக்கு உரிமை இருந்தது. இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்துக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம். பதிவு இணையத்திலேயே முடிந்துவிடும். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.